ஆறு இதழ்ப் பிராணி

பூ இல்ல துர்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன், அப்புறம் நீ வந்த விஷயத்துக்கு வருவோம். உக்காரு. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காரு. ஃபேன் ஓடாது, கரன்ட் போயிருக்கு. நீ பேங்க்ல ஏ.சி.யிலயே இருக்கறவ, கொஞ்ச நேரம் வேர்த்தா உடம்புக்கு நல்லது.

செலையூர்ல, கேம்ப் ரோடு திரும்பற இடத்துல ஃபிளெக்ஸ் கட்டியிருக்கீங்களே, அதைத்தான் சொல்றேன். கல்லில் பூத்த தாமரையைக் கண்டெடுத்த பேராசிரியர்னு கொட்டை எழுத்துல. உங்க அப்பா கைகூப்பிக்கிட்டு நிக்கறார், அவர் தலைக்குப் பின்னாடி அந்தக் கல்லு சூரியன் மாதிரி உதிக்குது. நான் இதை ரொம்ப வருத்தத்தோட சொல்றேன்னு வச்சுக்கோ. உலகத்துல எவ்வளவோ அநியாயம் நடக்குது. சுனாமி வந்துச்சு. எங்கெங்கயோ குண்டு போடறான். அதெல்லாம்கூட ஒரு ஓரமா வச்சிடலாம். ஆனா கல்லாப்போன ஒரு பிளாஸ்டாய்டைப் போய்ப் பூன்னு சொல்றதை மட்டும் என்னால மன்னிக்க முடியல. அது பூ இல்ல. மொட்டும் இல்ல. செடி வகையே இல்ல. அது ஒரு பிராணி. பசிச்சா சாப்பிட்ட பிராணி. நட்சத்திர மீன் இருக்கு பாரு, அதுக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா முறை.

ஆமா, பாக்கறதுக்கு மொட்டு மாதிரிதான் இருக்கும், நான் இல்லங்கல. அஞ்சு இதழ், நடுவுல கூரா சேரும், கீழ ஒரு காம்பு. காம்புன்னா, பாசிமணி கோத்த மாதிரி ஒரு தண்டு. அதை வச்சுக் கடலடியில எங்கயாவது ஒட்டிக்கும். ஒட்டினா ஒட்டினதுதான். பக்கத்து வீட்டுக்குப் போறது, மருமகளைப் பாத்துட்டு வர்றது எதுவும் கிடையாது. வாயை மேல தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். மிதந்து வர்றதைத் தின்னும். இப்படியே கோடிக்கணக்கான வருஷம் நின்னுட்டு, இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு மிச்சமில்லாம செத்துப்போச்சு. துக்கம் விசாரிக்கக்கூட அந்த வம்சத்துல ஆள் கிடையாது.

வாய் உச்சியில இருக்கா? சரி. மத்த வாசல் எங்கன்னு நீ கேக்கணும். கேக்க மாட்டே, உங்க வீட்டுல வளர்ப்பு அப்படி. நானே சொல்றேன். வாய்க்குப் பக்கத்துலயே. ஒட்டினாப்ல. நம்ம ஃபிளெக்ஸ் டிசைனர் சரியா அந்த இடத்துலதான் மஞ்சளா ஒரு ஒளிவட்டம் போட்டிருக்கான். ரோட்டுல போற ஷேர் ஆட்டோக்காரன் ஒருத்தன் வண்டிய ஸ்லோ பண்ணி அதைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டான். நான் பாத்தேன்.

சிரிக்காதே. உங்க அப்பாவும் இப்படித்தான், புரியலன்னா சிரிச்சுடுவார்.

நீ என்கிட்டயே படிச்சவதானே. ஞாபகம் இருக்கா, ரெக்கார்டுல இதுக்கு நீ ரெண்டு பக்கமும் இலை வரைஞ்சு பச்சை அடிச்சிருந்தே. அடியில வேர் வேற. நான் பத்துக்கு ரெண்டு போட்டேன். ஒண்ணு பென்சிலை ஒழுங்கா சீவினதுக்கு, ஒண்ணு உன் பேரைத் தப்பில்லாம எழுதினதுக்கு. சாயங்காலம் பாத்தா அது ஏழாயிருந்துச்சு. உங்க அப்பா பச்சை இங்க்ல கையெழுத்து. ஹெச்.ஓ.டி.யாச்சே, பண்ணலாம். நீ ஜியாலஜிய விட்டுட்டு பேங்க் பரீட்சை எழுதினப்ப டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் வருத்தம். நான் மட்டும்தான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

காபி குடி. இரு, இந்த பிளேன் போகட்டும். ஏர் ஃபோர்ஸ்காரனுக்கு சனிக்கிழமைன்னா உற்சாகம்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தே? ஆமா, நாளைக்கு ஃபங்ஷன். காலேஜ் ஹால்ல, பழைய மாணவர்கள் எல்லாம் சேந்து. கல்லைக் கண்ணாடிப் பெட்டியில வச்சு, உள்ள சின்ன லைட்டு போட்டு, உங்க அப்பா பேரைப் பித்தளையில பொறிச்சு, வாசல்லயே நிரந்தரமா வைக்கறாங்க. அதுக்குப் பேர் வச்சவ நான்ங்கறதால நானும் மேடையேறி நாலு வார்த்தை பேசணும். பைபாஸ் ஆனதுலேர்ந்து அவர் யாரோடயும் பேசறதில்ல, அம்மாவும் போயிட்டாங்க, இந்தக் கல்லுக்கு விழான்னு சொன்னதுக்கப்புறம்தான் ஷேவ் பண்ணிக்கவே ஆரம்பிச்சார்ங்கறே. டாக்டரும் மனசு சந்தோஷமா இருக்கணும்னு சொல்லியிருக்கார். அவருக்குன்னு மிஞ்சி நிக்கறது இந்த ஒரு பேர்தான். நீ சொன்னது இதானே? நான் எதையும் விட்டுடலியே?

நல்லா சொன்னே. பேங்க்ல லோன் வாங்க வர்றவன்கூட இவ்வளவு நல்லா சொல்ல மாட்டான்.

வரேனா இல்லையான்னு கடைசியில சொல்றேன். அவசரம் ஒண்ணும் இல்லையே? ஊரப்பாக்கத்துல உன் வீட்டுக்காரர் பாத்துப்பார். இன்னும் அந்தக் கால் சென்டர்லதான் இருக்காரா? ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரன் திட்டறதை இங்லிஷ்ல கேட்டுக்கிட்டு இருக்கணும்னா பெரிய பொறுமைதான். வீட்டுல பழக்கம் இருந்திருக்கும்.

சரி, கண்டெடுத்த பேராசிரியர்னு போட்டிருக்கீங்களே, எங்கே கண்டெடுத்தார்? சொல்லு பாப்போம். அரியலூர்லயா? அரியலூர் கடல் நேத்து வந்த கடல்மா. அது தரையில ஏறினப்ப பிளாஸ்டாய்டு வம்சமே முடிஞ்சு பதினஞ்சு கோடி வருஷம் ஆயிருந்துச்சு. இமயமலையிலயா? உங்க அப்பாவுக்குத் திருநீர்மலை ஏறினாலே மூச்சு வாங்கும். நம்ம டிபார்ட்மென்ட் மியூசியத்துல, ஜன்னலோரம் ஒரு மர பீரோ இருக்கில்ல, அதுல கீழ் டிராயர். அங்கேதான் கண்டெடுத்தார். குனிஞ்சு எடுத்தார், அதையும் சொல்லணும்.

இந்தோனேஷியா பக்கம் திமோர்னு ஒரு தீவு. அங்கே இந்தக் கல்லு நம்ம ஊர்ல வேர்க்கடலை மாதிரி. கூடை கூடையா அள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்துல யாரோ ஒரு டச்சுக்காரர் இந்தப் பக்கம் வந்தவர், நம்ம அரியலூர் சிப்பிங்களை வாங்கிக்கிட்டு பதிலுக்கு ஒரு டப்பா நிறைய இதைக் குடுத்துட்டுப் போயிட்டார். அந்த டப்பாதான் கீழ் டிராயர்ல இருந்துச்சு. அதைத் தொடச்சு, கழுவி, பஞ்சு வச்சு, ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போட்டது யார்னு நினைக்கறே?

அது ஒரு கதை. நான் வேலைக்குச் சேந்த வருஷம், டிசம்பர்ல அரியலூருக்கு ஃபீல்டு ட்ரிப். பசங்க எல்லாம் லாரியில ஏறிட்டானுங்க. நானும் கேன்வாஸ் ஷூ, தொப்பி, புது சுத்தியல் எல்லாம் வாங்கிக்கிட்டுப் பையோட வந்து நிக்கறேன். உங்க அப்பா படிக்கட்டுல நின்னுக்கிட்டு, மெட்டில்டா, அங்கே லேடீஸ் ஸ்டாஃபுக்கு பாத்ரூம் வசதி இல்லம்மா, நீங்க இங்கே டிராயரைப் பாத்துக்குங்கன்னார். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னார். அவர் யாரையும் மரியாதையில்லாம பேசி நான் கேட்டதில்ல. அடுத்த வருஷமும் அதே படிக்கட்டு, அதே மரியாதை. மூணாவது வருஷம் நான் சுத்தியலைக் கொண்டுபோகல. என் சர்வீஸ் முடியற வரைக்கும் அரியலூர்ல யாரும் பாத்ரூம் கட்டல.

உன்னைக் கூட்டிக்கிட்டுப் போனார் இல்ல? ஆமா, போயிருக்கே. மகளாச்சே. அங்கே என்ன எடுத்தே? ஓ, வெயில் தாங்காம லாரிக்கு அடியிலயே உக்காந்துட்டியா. சரி, பரவாயில்ல. எல்லாருக்கும் எல்லாம் வராது.

அதனால என்னாச்சு தெரியுமா, புதைபடிவத்தைப் பத்தி வாழ்க்கை பூரா பாடம் எடுத்தவ, மண்ணுலேர்ந்து ஒரு சிப்பியைக்கூட என் கையால நோண்டினது கிடையாது. ரிட்டயரானதும் நானே பஸ் புடிச்சு அரியலூர் போனேன். மூட்டு அதுக்குள்ள போயிடுச்சு, இருந்தாலும் போனேன். சிமென்ட் சுரங்கத்து கேட்டுலயே வாட்ச்மேன் நிறுத்திட்டான். இன்னா வேணும் பெரியம்மான்னான். பாத்ரூம் வேணும்னேன். பாவம், உள்ள கூட்டிக்கிட்டுப் போய்க் காமிச்சான். டைல்ஸ் போட்டது. ரொம்ப சுத்தமா இருந்துச்சு. போயிட்டு அடுத்த பஸ்ஸுல வந்துட்டேன்.

இல்லம்மா, கோவமா எல்லாம் சொல்லல. நான் பேர் வச்ச கதையை நீ கேட்டியே, அதுக்காகத்தான் சொல்றேன்.

ஒரு நாள் உங்க அப்பா மியூசியத்துக்குள்ள வந்தார். இன்ஸ்பெக்ஷன் வருதுன்னு தூசி பாக்க வந்தவர். கீழ் டிராயரை இழுத்தார். ஒரு கல்லைக் கையில எடுத்தார். அப்புறம், மெட்டில்டா, லென்ஸ் கொண்டாங்கன்னார். கொண்டுபோனேன். இந்தக் கல்லை எண்ணுங்கன்னார். எண்ணினேன். எத்தனை இதழ்? ஆறு சார். மத்ததுக்கெல்லாம்? அஞ்சு சார். இதுக்கு? ஆறு சார். அந்த முகத்தை நீ பாத்திருக்கணும் துர்கா. பிரசவ வார்டு வாசல்ல நர்ஸ் வந்து ஆம்பளப் புள்ளன்னு சொன்னா ஒரு முகம் வரும் பாரு, அது. நீ பொறந்தப்ப அந்த முகம் வரலன்னு உங்க அம்மா சொல்லுவாங்க. கோவிச்சுக்காதே, அவங்க சொன்னதைத்தான் சொல்றேன், நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாது.

இதை இதுக்கு முன்னாடி யாராவது பாத்திருக்காங்களான்னு கேட்டார். நான் இல்ல சார்னேன்.

அவ்வளவுதான். அன்னிலேர்ந்து அது புது இனம். உலகத்துலயே ஆறு இதழ் உள்ள ஒரே பிளாஸ்டாய்டு. சரி, புது இனம்னா பேர் வைக்கணும். இதுல எங்க ஜியாலஜி ஆளுங்க மத்தியில ஒரு நாகரிகம் இருக்கு. கண்டுபிடிச்சவர் தன் பேரைத் தானே வச்சுக்க மாட்டார். சட்டம் கிடையாது, வெக்கம்தான். அதனால என்ன பண்ணுவாங்கன்னா, என் பிராணிக்கு நான் உன் பேர் வைக்கறேன், உன் பிராணிக்கு நீ என் பேர் வைம்பாங்க. மொய் எழுதற மாதிரிதான். ஆனா உங்க அப்பாவுக்குத் திருப்பி மொய் வைக்க உலகத்துல யார் இருக்கா? காலேஜ் காம்பவுண்டைத் தாண்டி அவரை யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் என் மேஜையைச் சுத்திச் சுத்தி வந்தார். பந்தியில ரெண்டாவது ஜாங்கிரி வேணாம் வேணாம்னு இலையைக் கையால மறைச்சுக்கிட்டே விரல் இடுக்கு வழியா பாத்திரத்தைப் பாப்பாங்களே, அந்த மாதிரி. நானா எழுதினா நல்லா இருக்காது இல்ல மெட்டில்டாங்கறார். இல்ல சார்ங்கறேன். வேற யாராவது எழுதினா அவங்க இஷ்டம்தானேங்கறார். ஆமா சார்ங்கறேன். எனக்கே பாவமாயிடுச்சு. நான் எழுதறேன் சார், உங்க பேரையே வைக்கறேன்னேன். சேச்சே, எதுக்கு மெட்டில்டான்னார். சாயங்காலம் வந்து, பேரோட இனிஷியல் சேருமான்னு கேட்டார். சேராது சார்னேன். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

காலேஜ் புல்லட்டின்ல வந்துச்சு. அதுக்கு எடிட்டர் யாரு? உங்க அப்பா. தன் பேர் வச்ச பிராணியைப் பத்தின கட்டுரையைத் தானே படிச்சு, ரெண்டு கமா போட்டு, தானே பாஸ் பண்ணி, தானே பிரஸ்ஸுக்கு அனுப்பினார். வெளியில விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்டயாவது காமிச்சுடலாம் சார்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனா அதைச் சொல்றதுக்கு நான் யாரு? எனக்கு டிராயர்.

அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் மைசூர்பாகு. என்னைப் படிக்கச் சொன்னாங்க. எழுந்து நின்னு படிச்சேன். உங்க அப்பா பேருக்கு லத்தீன்ல ஒரு வால் ஒட்டி, பக்தவச்சலமி. உடல் உருண்டை. தண்டு மெலிவு. கழிவுத் துளை அகலம், வாய்க்கு மிக அருகில். இங்லிஷ்ல படிச்சேன்னு வச்சுக்கோ. எல்லாரும் கைதட்டினாங்க. உங்க அப்பாதான் எல்லாரையும்விட ஜாஸ்தி தட்டினார்.

அதுக்கப்புறம் உனக்கே தெரியும். வீட்டு கேட்டுத் தூண் ரெண்டு மேலயும் சிமென்ட்ல ஆறு இதழ். உன் கல்யாணப் பத்திரிகையில பிள்ளையார் சுழிக்குக் கீழ ஆறு இதழ். உங்க அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு ஆறு இதழ்ல டாலர் செஞ்சு போட்டார். என்ன இது, கொத்தவரங்கா விதையான்னு கேட்டாங்க அவங்க, ஞாபகம் இருக்கா? இருக்கும். அன்னிக்கு முழுக்க சார் அவங்களோட பேசல.

பெருமைதான் எனக்கும், யார் இல்லன்னா? அப்ப வந்து பேசுங்கங்கறியா? இரு, முக்கியமான விஷயத்துக்கே இன்னும் வரல. ஆறு இதழ்னா என்னன்னு நீ கேக்கவே இல்லையே.

உங்க பேங்க்ல யாருக்காவது ஒரு கையில ஆறு விரல் இருக்கா? கேஷியருக்கா? நல்லதாப் போச்சு. அந்த கேஷியர் மனுஷன்தானே? அவருக்குன்னு ஒரு புது மனுஷ இனத்தை யாரும் உண்டாக்கலியே? பேர் வச்சு, பித்தளையில பொறிச்சு, லைட்டு போடலியே? அதே சங்கதிதான் இதுவும். அது புது இனமும் இல்ல ஒண்ணும் இல்ல. குட்டியா இருக்கறப்பவே கோணலா வளந்த ஒண்ணு. அதே டப்பாவுல அது பக்கத்துலயே படுத்திருந்த அஞ்சிதழ்க் கல்லுங்களோட கூடப்பொறந்தது. உடம்பு அளவு, தட்டு வரிசை, துளை, எல்லாம் ஒண்ணு. அந்த இனத்துக்கு நம்ம தாத்தா காலத்துலயே பேர் வச்சாச்சு. இந்த மாதிரி ஆறு இதழ், நாலு இதழ்னு கோணலா வந்ததுங்களும் இதுக்கு முன்னாடியே வேற ஊர் மியூசியங்கள்ல நிறைய உண்டு. புஸ்தகம் படிக்கறவங்களுக்குத் தெரியும்.

எனக்கா? எப்ப தெரியும்னா, சேந்த வருஷமே. அந்த முதல் டிசம்பர்லயே. லாரி போனதுக்கப்புறம் எனக்கு வேற என்ன வேலை? டிராயரைப் பாத்துக்குங்கன்னார். பாத்தேன்.

ஏன் எழுந்துக்கறே? உக்காரு. காபி ஆறிப்போச்சுன்னா ஆறிப்போகட்டும்.

இல்ல, பேரை அழிக்க மாட்டாங்க. அதுல எங்க ஆளுங்க ரொம்ப நேர்மை. ஒரு தடவை அச்சுல ஏறின பேரை எடுக்கவே மாட்டாங்க. நிஜப் பேரைப் பெரிய எழுத்துல போட்டுட்டு, அதுக்குக் கீழ, இன்னார் இன்னார் இதுக்குத் தப்பா வச்ச பேருங்கன்னு சின்ன எழுத்துல ஒரு வரிசை போடுவாங்க. பக்தவச்சலமின்னு அங்கே இருக்கும். நாளைக்கு நான் செத்து, நீ செத்து, உன் பேரன் செத்தாலும் அங்கேயே இருக்கும். நிரந்தரமான பேர் வேணும்னு ஆசைப்பட்டார், இதைவிட நிரந்தரம் எது? பக்கத்துல பேர் வச்சவள்னு என் பேரும் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும், கூட்டத்தோட கூட்டமா.

இவ்வளவு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குன்னு கேக்கறே. நியாயமான கேள்வி. நான் சும்மாவே இருந்திருப்பேன். நிஜமா. அந்த சிமென்ட் தூணைத் தாண்டி வாக்கிங் போறப்ப எனக்கு நானே சிரிச்சுக்குவேன், அதுவே போதுமாத்தான் இருந்துச்சு. புதன்கிழமை மார்க்கெட்டுலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கேன், கையில வஞ்சிரம். அப்பதான் உங்க ஃபிளெக்ஸைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கீழ வரிசையா தபால்தலை சைஸுல போட்டோ. வாழ்த்துரை வழங்குவோர். கவுன்சிலர் இருக்கார், ரோட்டரிக்காரர் இருக்கார், உன் வீட்டுக்காரர்கூட கூலிங் கிளாஸோட இருக்கார். கடைசியில, கயிறு கட்டற ஓட்டைக்குப் பக்கத்துல, நான். மெட்டில்டா, மியூசியம் உதவியாளர்னு போட்டிருக்கு.

அச்சடிச்சவன் தப்பு பண்ணியிருப்பான்னுதான் நானும் நினைச்சேன். நல்ல மனசோடதான் நினைச்சேன். நான் லெக்சரராச் சேந்து ரீடரா ரிட்டயரானவ, அது அவனுக்கு எப்படித் தெரியும்?

என்னது? யார் சொன்னா?

ஓ. அப்பா சொல்லச் சொல்ல நீதான் எழுதிக்கிட்டியா. ப்ரூஃபும் அவரே பாத்துத் திருத்தினாரா. சரி. கேட்டது நல்லதாப் போச்சு. பாவம், அவன் மேல வீணா சந்தேகப்பட்டுட்டேன்.

அந்த ஃபிளெக்ஸுக்கு நேர் கீழ ஒரு பிரௌசிங் சென்டர் இருக்கில்ல, அங்கே ஏறினேன். மீன் பையோட. அடுத்த கேபின்ல இருந்தவன் மூக்கைப் புடிச்சுக்கிட்டு எழுந்து போயிட்டான். ஜெர்மனியில ஒருத்தர் இருக்கார், இந்த வம்சம் முழுசையும் ஒண்ணா வச்சுப் புஸ்தகம் எழுதிக்கிட்டு இருக்கறவர். கல்லோட படம் என்கிட்ட ஏற்கெனவே இருந்துச்சு. படத்தையும் நாலு வரியும் அனுப்பினேன். மறுநாளே பதில். மேடம், மிக்க நன்றி, அந்தப் பேரைப் பாத்து எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம், பேர் வச்ச நீங்களே சொன்னதுக்கப்புறம் பேச்சே இல்ல, புஸ்தகத்துல திருத்திட்டேன்னு. மேடம்னு போட்டிருந்தார். டாக்டர் மேடம். நான் டாக்டரேட் முடிக்கல, அது அவருக்குத் தெரியாது. திருத்தல நானும்.

நிறுத்த முடியுமாவா? எதைம்மா நிறுத்தறது? நான் மறுபடி எழுதி, அது ஆறு இல்ல, அஞ்சுன்னு சொல்லட்டுமா? இல்ல, கேஷியருக்கு விரலை வெட்டிடலாமா?

அழாதே. நீ அழுதா உங்க அப்பா ஜாடை அப்படியே வருது. நாளைக்கு விழாவுக்கு ஒரு குறையும் வராது துர்கா, கவலையே படாதே. கவுன்சிலருக்குப் பிளாஸ்டாய்டும் தெரியாது, பீட்ரூட்டும் தெரியாது. பித்தளை பளபளன்னு இருக்கும். எல்லாரும் கைதட்டுவாங்க. நான் வரல, அவ்வளவுதான். மூட்டு வலின்னு சொல்லிடு.

என்ன? அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாதா?

ஐயோ, அதைச் சொல்ல விட்டுப்போச்சு பாரு. காலையில சார் ஃபோன் பண்ணியிருந்தார். நல்ல உற்சாகம், குரலே பத்து வயசு குறைஞ்ச மாதிரி. இன்னிக்கு துர்கா வருவா, முறைப்படி அழைக்கறதுக்குன்னார். அப்புறம், நாளைக்கு மேடையில என்ன பேசப்போறீங்க மெட்டில்டா, எனக்கு ஒரு தடவை படிச்சுக் காமிங்களேன்னார். படிச்சேன். முழுசா எங்கே படிக்க விட்டார், அந்த ஆறு விரல் உதாரணம் வரைக்கும்தான் வந்தேன். லைன் கட்டாயிடுச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன். இருக்கேன் இருக்கேன்னார். அப்பவே தெரியுமான்னார். தெரியும் சார்னேன். என்கிட்ட ஏன் சொல்லலன்னார். நீங்க எண்ணத்தானே சார் சொன்னீங்கன்னேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னார். இந்த விஷயம் துர்காவுக்கு மட்டும் தெரிய வேணாம், குழந்தை லீவு போட்டுட்டு ஒரு மாசமா இதுக்காக அலைஞ்சிருக்கா, நாளைக்கு ஒரு நாள் நடந்துடட்டும், நான் பாட்டுக்கு மேடையில உக்காந்துட்டு எழுந்து வந்துடறேன், நீங்க உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க, அவ வந்தா தயவுசெஞ்சு எதுவும் சொல்லிடாதீங்க மிஸ்ன்னார். மிஸ்ன்னார் துர்கா. என்னை. சரி சார்னேன்.

யாருக்கு ஃபோன் போடறே? அவருக்கா? போட்டு என்ன சொல்லப்போறே, எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னா? யோசிச்சுக்கோ. வை, வை. நீ வச்சுடுவேன்னு தெரியும்.

கண்ணைத் தொடச்சுக்கோ, கன்னியம்மா வரா. உங்க வீட்டுல பாத்திரம் தேச்சுட்டு நேரா இங்கேதான் வருவா, உனக்குத் தெரியாதா? வா கன்னியம்மா. ஐயா இன்னா பண்றார்? துர்கா கேக்கறா, சொல்லு. ம். ம். ஃபோனை வச்சதுலேர்ந்து ஹால்லயே உக்காந்துகினு இருக்காராம். நாளைக்குக் கட்டிக்கற வேட்டியை இஸ்திரிக்குக் குடுத்திருக்காராம். இட்லி வேணாம்னுட்டாராம், கஞ்சி போதும்னாராம். பல் செட்டை இன்னும் மாட்டிக்கலையாம், டம்ளர் தண்ணியிலயே கெடக்குதாம்.